ஈரப்பலா மரத்துக்குப் போகவேண்டிய பொதி

கிளடிஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. “எழுதிறதெண்டா எழுது, ஆனா பேரை மாத்து” என்று அவர்தான் சொன்னார். மாற்றினேன். அடுத்த நாள் வந்து, “ஏன் கிளடிஸ் எண்டு வைச்சனி? அந்தப் பேரில உனக்கு ஆரையும் தெரியுமோ?” என்று விசாரித்தார். கிளடிஸ் அக்கா இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவதெல்லாம் இதற்கு உதாரணம்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் இரண்டு வீடுகளும் நடுவில் ஒரே சுவரோடு ஒட்டி நிற்கின்றன. பதினொரு வருடமாக அயல். மன்னார்ப் பக்கத்து ஆள். பியர்சன் விமான நிலையத்தில் பயணிகளின் கைப்பைகளை எக்ஸ்ரே திரையில் பார்க்கும் வேலையை இருபத்திரண்டு வருடம் செய்தவர். பென்ஷன் எடுத்து வீட்டுக்கு வந்தாரே தவிர, வேலையை அங்கே விட்டுவிட்டு வரவில்லை. நான் கடைக்குப் போய் வந்தால் வேலிக்கு மேலால் எட்டி, “உந்தப் பையின்ர அடியில உருண்டையாக் கிடக்கிறது என்ன?” என்பார். முட்டைக்கோவா என்றால், “கோவாவுக்கு உவ்வளவு பாரமோ?” என்பார். ஃபாதர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்தால் எங்கேயோ போகப் போகிறார் என்பார். நீட்டி முழக்கினால் எதையோ மறைக்கிறார் என்பார். தொலைபேசியில் யாரோடு பேசினாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கவேண்டுமாம். அந்தச் சாட்சி பெரும்பாலும் நான்தான்.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவருடைய கணவர் இக்னேசியஸ். “என்ர மனுசன் என்னட்ட ஒண்டையும் ஒளிக்கமாட்டார்” என்பார். இக்னேசியஸ் அண்ணை காலமாகி ஆறு வருடமாகிறது. மகன் ஜெனாட் ஒஷாவாவில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது. ஞாயிறு தவறாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். ஏன் தவறாமல் வருகிறான் என்பதிலும் அக்காவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

போன வருடம் இலையுதிர் காலத்தில் அக்காவின் பேஸ்மென்ற்றுக்கு ஒரு இளம் சோடி குடிவந்தது. அவன் பெயர் தெயிகி, தச்சுவேலை. அவள் தஹியா, அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். பிரெஞ்சு பேசுகிறவர்களுக்குக் கிடைக்கும் வேலை விசாவில் வந்தவர்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும். கனடாவுக்கு முதல் ஒன்பது வருடம் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்நெவ்வில் குப்பை கொட்டியவள் நான். அதனால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. ஊர் எது என்று அக்கா கேட்கச் சொன்னார். மார்க்கேசாஸ் தீவுகள், நுக்கு ஹிவா என்றார்கள். அக்கா போனில் வரைபடத்தைத் திறந்தார்.

“உதில கடல் மட்டும்தான் கிடக்கு. இல்லாத ஊரைச் சொல்லுகினம்.”

“பெரிசாக்கிப் பாருங்கோ அக்கா.”

பெரிதாக்கினார். நீலம். இன்னும் பெரிதாக்கினார். அதற்கும் நீலம். பசிபிக்கின் நடுவில், எந்தக் கண்டத்துக்கும் கிட்டவில்லாத இடத்தில், கடைசியில் ஒரு பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் வந்தன. “உதுக்குள்ள இருந்து ஒருத்தர் வெளிக்கிட்டு ரொறன்ரோவுக்கு வாறதெண்டா ஏதாவது செய்துபோட்டுத்தான் வந்திருக்கவேணும்” என்று தீர்ப்புச் சொன்னார். அறையைக் கொடுத்தது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கண்ணுக்குக் கிட்ட வைத்திருந்தால் கண்காணிக்கலாம் என்று நினைத்திருப்பார்.

முதல் சந்தேகம் உடம்பில் குத்திய பச்சை. தெயிகியின் வலது கன்னத்திலிருந்து கழுத்து, தோள், கை என்று கறுப்பு வரிகள் இறங்கும். கட்டம், கண், ஆமை ஓடு, நேர்கோடு. அக்காவுக்கு அது காங், ரவுடிக் கும்பலின் அடையாளம். நான் அவனைக் கேட்டேன். அவன் சட்டைக் கையை மடித்து ஒவ்வொன்றாகக் காட்டினான். இது தகப்பன் வழி, இது தாயின் பள்ளத்தாக்கு, இது கடல் கடந்தது. ஒரு காலத்தில் பாதிரிமாரும் பிரெஞ்சு அதிகாரிகளும் பச்சை குத்துவதைத் தடைசெய்தார்களாம். குத்தத் தெரிந்தவர்கள் செத்துப்போனார்கள். பிறகு ஒரு தலைமுறை, வெள்ளைக்காரர் எழுதிவைத்துவிட்டுப் போன பழைய படங்களைப் பார்த்துத் தன் தோலுக்குத் திருப்பி எடுத்தது. அக்கா கேட்டுவிட்டு, “பாதிரிமார் தடைசெய்ததை ஒரு கத்தோலிக்கப் பெடியன் ஏன் செய்தவன்?” என்றார். தீவில் முக்கால்வாசிப்பேரும் கத்தோலிக்கர் என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு பூசையில் கடைசி வரிசை வாங்கிலில் இருந்து, அவன் நன்மை அப்பம் எடுக்கும்போது கையை எப்படி நீட்டுகிறான் என்று பார்த்தார். சரியாகத்தான் நீட்டினான்.

இரண்டாவது சந்தேகம் வாளி. டோர்செட் பார்க்கில் எங்கள் ஆட்களின் கடையில், இந்தியாவில் சீமைப்பலா என்கிற ஈரப்பலாக்காய் பெட்டியாக வந்தால் தஹியா பாதியை வாங்கிக்கொண்டு வருவாள். தோல் சீவி, மூடிபோட்ட வாளியில் போட்டுப் புளிக்கவிடுவாள். அங்கே இதை இலை போட்ட குழிக்குள் மூடி வருடக்கணக்காக வைப்பார்களாம். மழை பொய்த்த வருடங்களில் அந்தக் குழிகள்தான் ஊரைக் காப்பாற்றின. மணம் மட்டும் கொஞ்சம் கடும். படியால் ஏறி அக்காவின் சமையலறைக்கு வந்து, சுவரைத் தாண்டி என் சமையலறைக்கும் வந்தது. “ஈரப்பலாக்காயில நாங்களும் கறி வைக்கிறனாங்கள்தானே. உப்பிடியே நாறுது? சாராயம் காய்ச்சுகினம் பிள்ளை” என்றார் அக்கா.

மூன்றாவது, பின்னேரங்களில் டொக், டொக் என்று ஒரு சத்தம். தெயிகி உளியால் ஒரு சின்ன மரப்பொம்மை செதுக்கிக்கொண்டிருந்தான். பெரிய கண், வயிற்றில் வைத்த இரண்டு கை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு. அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, மரத்தை நகத்தால் சுரண்டி, மணந்தார். “சவுக்கு” என்றார். அவனுடைய தீவில் அதுக்குத் தோவா என்று பெயர், அந்தக் காலத்தில் சண்டைத் தண்டாயுதம் செய்த மரம் என்று நான் மொழிபெயர்த்தேன். “தண்டாயுதம்” என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆனால் பொம்மையைக் கீழே வைக்க அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பெப்ரவரியில் பெண்பிள்ளை பிறந்தது. பனியில் நான்தான் காரோட்டிக்கொண்டு போனேன். பிரசவம் முடிந்ததும் தஹியா முதலில் கேட்டது நஞ்சுக்கொடியை. தாதி முகத்தைச் சுளிக்கவில்லை. ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கி, மூடிய பாத்திரத்தில் போட்டுத் தந்தாள். தஹியாவின் குடும்பத்தில் பிள்ளை பிறந்தால் அதன் கொடியைப் புதைத்து, அதற்கு மேல் ஒரு ஈரப்பலாக் கன்று நடுவார்கள். பிள்ளையும் மரமும் ஒரே வயதில் வளரும். இந்தப் பிள்ளைக்கு வேண்டிய இடம் நுக்கு ஹிவாவில் அவளுடைய தாயின் காணி. ஜூலையில் ஊருக்குப் போய் ஞானஸ்நானமும் கன்றும் ஒன்றாக என்று திட்டம். அதுவரை அது பேஸ்மென்ற்றில், சலவை மெஷினுக்குப் பக்கத்தில், அக்காவின் பெரிய பிறீசரில் இருக்கும். அதில் இடது பக்கக் கூடை அவர்களுக்கு ஒதுக்கியது.

தஹியா பாத்திரத்தைத் துணியால் சுற்றி, நாரால் கட்டி, கூடையின் அடியில் வைத்தாள். நான் அக்காவுக்குச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நூறு கேள்வி வரும். அவருடைய விளைமீனும் கணவாயும் இருக்கிற பிறீசருக்குள்ளேயா என்று ஆரம்பித்து எங்கே முடியுமோ. எனக்குப் பஞ்சி பிடித்த அலுப்பு, பயமும்தான். இந்தக் கதையில் பிழை செய்தவர் யார் என்று பிறகு எல்லாரும் தேடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை காலை தஹியா பிள்ளையைத் தோளில் போட்டபடி, செருப்பில்லாமல் என் கதவுக்கு வந்தாள். பொதியைக் காணவில்லை.

வியாழன் எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் நாள். பச்சைத் தொட்டிகள் காலியாகிக் கவிழ்ந்து கிடந்தன. யார் எடுத்தது என்று யோசிக்க ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. நேரே போய் அக்காவின் கதவைத் தட்டினேன்.

“ஓம், எடுத்தனான். எறிஞ்சிட்டன்.”

“அக்கா! அது என்னெண்டு தெரியுமே உங்களுக்கு?”

“அதைத்தான் நானும் கேக்கிறன். துணியைக் கொஞ்சம் விலத்திப் பாத்தனான். இறைச்சிக்கடையில அப்பிடி ஒரு சாமான் விக்கிறேல்ல. நீ தெரிஞ்சுகொண்டு சொல்லேல்ல. அவையோட நெடுக உந்தப் பாசையில குசுகுசுக்கிறாய். நீயும் இதில கூட்டோ?”

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாசலிலேயே நின்று கத்திவிட்டேன். அது நச்சுக்கொடி, அந்தப் பிள்ளையின்ர நச்சுக்கொடி, ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைக்க வைத்திருந்தது, மூன்று மாதமாக அந்தப் பெட்டை ஒவ்வொரு நாளும் போய்த் தொட்டுப் பார்க்கிறவள், நீங்கள் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டீர்கள் என்று. எதிர்வீட்டுக்காரர் நாயோடு நின்று பார்த்தார். அக்கா அசையவில்லை. என் முகத்தைத் திரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆஸ்பத்திரியில கழிச்சுவிடுறதை ஆர் வீட்ட கொண்டாறது? உன்னை அவை ஏமாத்தினம், இல்லாட்டி நீ என்னை ஏமாத்துறாய். அந்தப் பெட்டையைக் கூப்பிடு. நான் கேக்கவேணும்.”

கூப்பிட்டேன். அக்காவின் சமையலறை மேசையில் விசாரணை நடந்தது. என் மொழிபெயர்ப்பிலும் நம்பிக்கை இல்லாதபடியால், பாரிஸில் இருக்கும் சகோதரன் மகள் ஜெசிகாவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். நான் ஒன்று சொல்வேன், ஜெசிகா, “ஓம் மாமி, சரியாத்தான் சொல்லுறா” என்று உறுதிப்படுத்துவாள். இப்படி ஒரு அவமானத்தை நான் இருபது வருடத்தில் பார்த்ததில்லை.

ஏன் மரத்துக்குக் கீழே என்று கேட்டார். தஹியா அழுதுகொண்டே, ஆனால் தெளிவாகச் சொன்னாள். அவளுடைய பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான சனம். கப்பல்களோடு அம்மையும் காய்ச்சலும் வந்தன. தீவுக்கூட்டம் முழுவதிலும் பல பத்தாயிரமாக இருந்தவர்கள், நூறு வருடத்துக்கு முதல் இரண்டாயிரம் பேர் அளவில் வந்து நின்றார்கள். இன்றைக்கும் காட்டுக்குள் நடந்தால் வீடு கட்டிய கல்மேடைகள் வரிசையாகக் கிடக்கும். வீடு இல்லை, ஆள் இல்லை. அவற்றைச் சுற்றி ஈரப்பலா மரங்கள் மட்டும் நிற்கும், ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. இப்போது உலக மரபுரிமை என்று பட்டியலில் போட்டிருக்கிறார்கள், கற்களைப் படமெடுக்க ஆட்கள் வருகிறார்கள். “அந்தக் காட்டில் ஆளில்லாத மரங்கள் கனக்க நிற்கின்றன. மரமில்லாத ஆளாக என் பிள்ளை இருக்கக்கூடாது” என்றாள்.

நான் மொழிபெயர்த்தேன். ஜெசிகா, “ஓம் மாமி” என்றாள்.

கிளடிஸ் அக்கா எழும்பி மேல்மாடிக்குப் போனார். அங்கே அவருடைய அறையில், மருந்து வைக்க ஒரு சின்னக் குளிர்ப்பெட்டி இருக்கிறது. அதன் பிறீசருக்குள் இருந்து அந்தப் பொதியை எடுத்துக்கொண்டு இறங்கினார். துணியும் நாரும் அப்படியே இருந்தன. அதற்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் பை. பையின் மேல் கறுப்புப் பேனையால் திகதி, நேரம், “கீழ் பிறீசர், இடது கூடை”, அவருடைய கையெழுத்து.

“எறிஞ்சிட்டன் எண்டனீங்கள்!”

“நீ என்ன செய்யிறாய் எண்டு பாக்கத்தான் சொன்னனான். சந்தேகமான சாமானை எறியக்கூடாது எண்டு முதல்நாள் ரெயினிங்கிலயே சொல்லித்தந்தவங்கள். பொலிசுக்குக் குடுக்க எடுத்து வைச்சனான். நாளைக்குப் போன் பண்ண இருந்தனான்.”

தஹியா அந்தப் பனிக்கட்டியைப் பிள்ளையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். அக்கா ஒரு துவாயை எடுத்துப் பிள்ளைக்கும் பொதிக்கும் நடுவில் செருகினார். “பிள்ளைக்குக் குளிரும்” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் எதை வைத்தாலும் பெயர் எழுதி வைக்கச் சொன்னார். அவரை அந்த இடத்திலேயே கழுத்தைத் திருகவேண்டும் போலவும் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது எனக்கு. இந்த மனுஷிக்குச் சந்தேகம் மட்டும் இல்லாமல் வெறும் அருவருப்பு இருந்திருந்தால், அது அன்றைக்குக் குப்பை லொறியில் போயிருக்கும்.

பொதி பிறகு ஊர்போய்ச் சேர்ந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓகஸ்டில் படம் வந்தது. முழங்கால் உயரக் கன்று, பக்கத்தில் அந்தச் சவுக்குப் பொம்மை, பின்னால் செங்குத்தான பச்சை மலை. ஆனால் நான் எழுத வந்தது, அவர்கள் வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பின்னேரம் நடந்ததை.

பெட்டி கட்டும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டார். மீன் ஏற்றுகிற, தெர்மோகோல் மாதிரியான றெஜிபோம் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தார். எந்தச் சாமானை எந்தப் பக்கம் வைத்தால் திரையில் எப்படித் தெரியும், எந்த அதிகாரி எதைத் திறப்பார் என்று அவருக்கு மனப்பாடம். கொடி யாருடையது என்று ஆஸ்பத்திரி தந்த கடிதத்தை மூன்று பிரதி எடுக்க வைத்தார். தீவுக்குள் கொண்டுபோகும் அனுமதிக்கு என்னைக் கொண்டு பிரெஞ்சில் நாலு மின்னஞ்சல் எழுதுவித்தார், பதில் வந்ததும் அது போலியோ என்று பார்த்தார். மூன்று விமானம் மாறவேண்டும். கடைசியாக மேல்மூடியில் ஒட்டும் தாள் இருந்தது. உள்ளே என்ன என்று எழுதவேண்டும். தெயிகி களைத்துப்போயிருந்தான். “மீன் என்று எழுதிவிடுவோம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்” என்றான். நான் சிரித்துக்கொண்டே அதை அக்காவுக்குச் சொன்னேன்.

அக்கா பேனையை அவன் கையிலிருந்து பறித்தார்.

“வேண்டாம்! உண்மையை எழுதச் சொல்லு. பிள்ளையின்ர முதல் பேப்பரில பொய்யை எழுதிப்போட்டு, பிறகு ஆயுசு முழுக்க அதைக் காவிக்கொண்டு திரியேலாது!”

குரல் உடைந்துவிட்டது. அவர் றெஜிபோம் பெட்டிக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில் குந்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“ஜெனாட் மன்னாரில பிறக்கேல்ல.”

தொண்ணூறாம் ஆண்டு வயிற்றுப்பிள்ளையோடு வள்ளம் ஏறி இராமேசுவரம் போனவர்கள். ஜெனாட் பிறந்தது மண்டபம் அகதி முகாமில். இரண்டு வருடம் கழித்துக் கனடாவுக்கு வந்தபோது, இந்தியாவில் இருந்ததைச் சொன்னால் அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் பயமுறுத்தினான். பிறந்த இடம் மன்னார் ஆஸ்பத்திரி என்று எழுதினார்கள். பள்ளிக்கூடம், பாஸ்போர்ட், கலியாணம் எல்லாவற்றிலும் அதுவே வந்தது. பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள். சின்னப்பிள்ளை வாய்தவறி யாரிடமும் சொல்லிவிட்டால் என்ற பயம். வளர்ந்த பிறகு, இவ்வளவு காலமும் சொல்லாததை எப்படிச் சொல்வது என்ற பயம். கதவு தட்டுப்படும்போதெல்லாம், புது ஆள் ஒருவர் தெருவில் நின்றாலெல்லாம், அதைத்தான் கேட்க வந்திருக்கிறார்கள் என்று முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்த மனுஷி. நான் பதினொரு வருடமாக இவரைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான் தஹியாவுக்குச் சொன்னேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள். உங்கள் மகனுடையதை எங்கே புதைத்தீர்கள்?

“முகாமுக்கு வெளியில, கடக்கரைப் பக்கம். மருத்துவிச்சி கொண்டுபோய்ப் புதைச்சவ. நானும் பிடிச்சுப் பிடிச்சு நடந்துபோய்ப் பாத்தனான்” என்ற அக்கா, மேசையில் கிடந்த பொம்மையைப் பார்த்தார். “சவுக்குக்குக் கீழ.”

பிறகு போனை எடுத்து ஜெனாட்டுக்கு அடித்தார். வழக்கம்போல் ஸ்பீக்கரில். நான் எழும்பப் பார்த்தேன், கையைக் காட்டி இருத்தினார்.

“தம்பி, நீ மன்னாரில பிறக்கேல்ல.”

அந்தப் பக்கம் கார் ஓடும் சத்தம். அது மெல்ல நின்றது.

“ஐ நோ, அம்மா. மண்டபத்தில.”

அக்கா போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

“ஆர் சொன்னது? ஆர் உனக்குச் சொன்னது?”

“அப்பா. ஹொஸ்பிற்றல்ல இருக்கேக்க. சாகிறதுக்கு ரெண்டு கிழமைக்கு முதல். அம்மாவா சொல்லுவா, அதுவரைக்கும் கேக்காத எண்டு சொன்னவர். அதுதான் எவ்றி சண்டே வாறனான். இண்டைக்குச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு வருவன். சாப்பிட்டிட்டுப் போவன்.”

இக்னேசியஸ் அண்ணையின் படம் சுவரில் தொங்கியது. அக்கா அதைப் பார்த்தார். கோபமா, அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இரண்டும்தான்.

“அப்பா மரத்தைப் பற்றிச் சொன்னவரோ?”

“இல்லையே. என்ன மரம்?”

“அவருக்கு அது தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்” என்றார் கிளடிஸ் அக்கா. ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, படியேறி மேலே போனார்.